உங்களுக்குத் தெரியுமா? - ஒரு சர்வருக்குள் பல கணினிகள்

● ஒரே இயந்திரத்தைப் பல கணினிகளாகக் காட்டும் வித்தை கிளவுட் காலத்தில் பிறந்ததல்ல. ஐ.பி.எம். 1972 ஆகஸ்டில் அறிவித்த வி.எம்./370 இதைத்தான் செய்தது. ஒவ்வொரு பயனருக்கும் தனிக் கணினி கிடைத்ததுபோல இருக்கும். அடியில் ஓடியது ஒன்றே ஒன்று.

● இன்டெல் வகைச் சில்லுகள் இதற்கு நெடுங்காலம் ஒத்துழைக்கவில்லை. 2005 இறுதியில் இன்டெலும் 2006-இல் ஏ.எம்.டி.யும் சில்லுக்குள்ளேயே அந்த வசதியை வைத்தன. 2007 பிப்ரவரியில் லினக்ஸ் 2.6.20-உடன், அந்த வசதியைப் பயன்படுத்தும் கே.வி.எம். வந்தது. அதே வேலையைச் செய்யும், நெட்ஆப் நிறுவனத்தில் உருவான பீஹைவ், 2014 ஜனவரியில் ஃப்ரீபிஎஸ்டி 10.0-இல் இடம்பிடித்தது. கீழே வருவதெல்லாம் பெரும்பாலும் இந்த பீஹைவையும், அதன் இணைபிரியாத் துணையான இசட்.எஃப்.எஸ். கோப்பு முறையையும் பற்றியதுதான்.

● பீஹைவில் ஒரு மெய்நிகர் கணினி என்பது ஹோஸ்ட் சர்வரில் ஓடும் சாதாரண ப்ராசஸ். 'பி.எஸ்.' கட்டளை கொடுத்தால் மற்றவற்றோடு வரிசையில் தெரியும். வழக்கமான 'கில்' கட்டளை அதற்கு டெர்ம் சிக்னல் அனுப்பினால், உள்ளே இருக்கும் கெஸ்டுக்கு, அதாவது அந்த மெய்நிகர் கணினிக்கு, யாரோ பவர் பட்டனை அழுத்தியதாகத் தெரிய, அது முறைப்படி மூடிக்கொள்ளும். 'கில் -9' என்றால் மின் வயரைப் பிடுங்கியதாகிவிடும். அவசரப்பட்டு அந்தப் பக்கம் போகாதீர்கள்.

● கெஸ்ட் 'ரீபூட்' ஆகும்போது பீஹைவ் ப்ராசஸே முடிந்துவிடும்! முடியும்போது அது விட்டுச்செல்லும் எண்ணில்தான் விஷயம் இருக்கிறது: 0 என்றால் ரீபூட், 1 என்றால் பவர் ஆஃப். அதைப் பார்த்து மீண்டும் எழுப்புவது நம் ஸ்கிரிப்டின் வேலை. அந்த எண்ணைப் படிக்காத ஸ்கிரிப்ட், மூடச்சொன்ன கணினியையும் திரும்பத் திரும்பக் கிளப்பிக்கொண்டிருக்கும்.

● அணைந்த பிறகும் அந்தக் கணினியின் நினைவகம் கெர்னலிடமே இருக்கும். '/டெவ்/விஎம்எம்' அடைவில் அதன் பெயர் இன்னும் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் 'பீஹைவ்சிடிஎல்' மூலம் அழித்தால்தான் ரேம் விடுபடும்.

● இனி டிஸ்க். நிர்வாகிகள் அதிகம் சறுக்குவது இங்கேதான் என்பது என் கணிப்பு. இசட்.எஃப்.எஸ்.ஸில் கெஸ்டின் டிஸ்காக 100 ஜிபிக்கு ஒரு 'இசட்வால்' உருவாக்கினால், அந்த இடம் முழுதும் ஒதுக்கப்பட்டுவிடும். '-எஸ்' சேர்த்தால் அது 'ஸ்பார்ஸ்'. எழுத எழுதத்தான் இடம் எடுக்கும். பத்துப் பேருக்குச் சமைத்துவிட்டு இருபது பேரைப் பந்திக்கு அழைக்கும் ஏற்பாடு இது. எல்லாரும் ஒரே வேளையில் வந்து உட்காராதவரை சிக்கல் இல்லை. ஆனால் எல்லாரும் பங்கிடும் பொதுச் சேமிப்பிடமான பூல் நிரம்பும் நாளில், தன் டிஸ்கில் பாதி காலி என்று நம்பிக்கொண்டிருக்கும் கெஸ்டுக்கும் எழுதும்போது பிழை வரும். ஒரு கணினி தின்ற இடத்துக்கு மற்ற ஸ்பார்ஸ் கணினிகளும் அடிபடும். கெஸ்டுக்குள் 'டிஎஃப்' காட்டும் கணக்கு இதில் உதவாது. ஹோஸ்டின் பூலைத்தான் கண்காணிக்க வேண்டும்.

● கெஸ்டில் 40 ஜிபி கோப்பை அழித்தாலும் ஹோஸ்டில் ஒரு பைட்கூடத் திரும்பாமல் போகலாம். அந்த இடம் இனி வேண்டாம் என்ற 'டிரிம்' தகவல் கெஸ்டிலிருந்து ஹோஸ்ட் வரை வந்து சேர்ந்தால்தான் விடுபடும். அப்போதும், டிஸ்கின் ஒரு நொடி நிலையை அப்படியே பதிந்து வைக்கும் பழைய ஸ்னாப்ஷாட் ஒன்று அதைப் பிடித்து வைத்திருந்தால் இடம் கிடைக்காது.

● ஸ்னாப்ஷாட் எடுக்க ஒரு நொடி போதும். பழைய தரவின் மேல் எழுதாமல், புதியதை வேறு இடத்தில் எழுதும் முறை என்பதால் முதலில் அது ஏறக்குறைய இடமே பிடிக்காது. ஆனால் முழு ஒதுக்கீடு உள்ள இசட்வாலுக்கு ஸ்னாப்ஷாட் எடுக்கப்போனால், 'இடம் இல்லை' என்று மறுப்பு வரக்கூடும். மொத்த டிஸ்கும் மேலெழுதப்பட்டாலும் தாங்க வேண்டுமே என்று, தரவுள்ள அளவுக்கு இன்னொரு மடங்கு காலியிடம் கேட்கும். ஒதுக்கீட்டின் வாக்கை இசட்.எஃப்.எஸ். எவ்வளவு நேர்மையாகக் காக்கிறது பாருங்கள்!

● ஓடும் கெஸ்டின் டிஸ்கை ஸ்னாப்ஷாட் எடுத்தால் கிடைப்பது, அந்த நொடியில் மின்சாரம் போயிருந்தால் டிஸ்கில் என்ன இருந்திருக்குமோ அது. ரேமில் இருந்தவை வராது. டேட்டாபேஸ் ஓடும் கணினி என்றால் முதலில் அதை அமைதிப்படுத்திவிட்டு எடுங்கள்.

● மாதிரிக் கணினி ஒன்றின் ஸ்னாப்ஷாட்டிலிருந்து 'குளோன்' போட்டுப் புதிய கணினிகளை நொடிகளில் எழுப்பலாம். குளோன் இருக்கும்வரை மூல ஸ்னாப்ஷாட்டைத் தனியே அழிக்க முடியாது. 'ப்ரமோட்' கட்டளை இந்தச் சார்பு உறவைத் தலைகீழாக்கும்.

● சும்மா இருக்கும் ரேமை இசட்.எஃப்.எஸ். தன் கேஷுக்கு எடுத்துக்கொள்ளும். கெஸ்ட்கள் ஓடும் சர்வரில் அதற்கு உச்சவரம்பு வைத்துவிடுங்கள்.

● ஸ்னாப்ஷாட் அதே பூலில்தான் வாழ்கிறது. பூல் போனால் அதுவும் போகும். 'செண்ட்', 'ரிசீவ்' கட்டளைகள் இரண்டு ஸ்னாப்ஷாட்டுகளுக்கு இடையே மாறியதை மட்டும் வேறு சர்வருக்கு அனுப்பிவிடும். அங்கே போய்ச் சேர்ந்த டிஸ்கிலிருந்து ஒரு கணினியை உண்மையிலேயே பூட் செய்து பார்த்த பிறகே அதை பேக்கப் என்று எழுதி வையுங்கள்.