ஈரப் புல்லிலும் புரளும் கப்பல்

கார்வெட் எனப்படும் சிறு காவல் கப்பல்களில் பணியாற்றிய கடற்படை வீரர்களின் நினைவுகளைப் படித்தால் ஒன்று புலப்படும். நீர்மூழ்கிகள், வெடிகள், மூழ்கிய தோழர்கள் எல்லாம் வருவதற்கு முன்பே ஆட்டம் வந்துவிடும். ஈரப் புல்லில் நிறுத்தினாலும் இந்தக் கப்பல் புரளும் என்பது அவர்களுக்குள் வழங்கிய கேலி. ஒரு பக்கமாக 40 பாகை வரை சாய்ந்தது என்றும், சாப்பிட உட்கார்ந்தால் ஒரு கை தட்டுக்கு, ஒரு கை மேசைக்கு என்றும் சொல்வார்கள். வயதானவர்களின் மிகை என்று தள்ளத் தோன்றும். ஆனால் கப்பலின் நீளத்தை மட்டும் தெரிந்துகொண்டு கணக்குப் போட்டாலே அவர்கள் பக்கம் நியாயம் இருப்பது தெரிகிறது.

இரண்டாம் உலகப் போரில் அட்லாண்டிக்கைக் கடந்த சரக்குக் கப்பல் அணிகளுக்குக் காவல் போனவை 'ஃபிளவர்' வகைக் கார்வெட்டுகள். பிரிட்டன் தன் கார்வெட்டுகளுக்குப் புளூபெல், கிளாடியோலஸ், கம்பானுலா என்று பூக்களின் பெயர்களைச் சூட்டியது. வில்லியம் ரீட் என்ற வடிவமைப்பாளர், திமிங்கில வேட்டைக் கப்பல் ஒன்றை மாதிரியாக வைத்து, சிறு கப்பல் தளங்களும் கட்டக்கூடிய விதத்தில் அவற்றை வரைந்தார். நீளம் சுமார் 62 மீட்டர், அகலம் 10 மீட்டர், வேகம் 16 நாட். துரத்த வேண்டிய ஜெர்மன் நீர்மூழ்கியோ நீர்மேல் 17 நாட்டுக்கு மேல் ஓடும்! கரையோரக் காவலுக்கென்று வரையப்பட்ட கப்பலை, ஆளும் கப்பலும் போதாத நெருக்கடியில் நடுக்கடலுக்கு அனுப்பினார்கள். தொல்லை அங்கேதான் தொடங்கியது.

ஆழ்கடலில் அலையின் நீளமும் அதன் கால இடைவெளியும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வர 10 விநாடி ஆகிறதென்றால், இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 156 மீட்டர் இருக்கும். 6 விநாடி என்றால் 56 மீட்டர்தான். 250 மீட்டர் நீளப் பெருங்கப்பலுக்கு இந்தச் சிறிய அலைகள் ஒரு பொருட்டல்ல. அதன் அடியில் ஒரே நேரத்தில் நான்கைந்து முகடுகள் கிடக்கும், ஒன்று தூக்குவதை மற்றொன்று ஈடு செய்துவிடும். 62 மீட்டர்க் கப்பலுக்கு அந்தச் சலுகை இல்லை. தன் நீளமே உள்ள அலை, அதைவிட நீண்ட அலை என ஒவ்வொன்றிலும் முகட்டுக்கு ஏறி, பள்ளத்துக்கு இறங்கித்தான் ஆக வேண்டும். அதன் நீளத்துக்குச் சமமான அலையின் கால இடைவெளி ஆறு விநாடியைச் சற்றே தாண்டும்.

இந்த ஆறு விநாடியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கடல் குமட்டல் எந்த வேக ஆட்டத்தில் அதிகம் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 1970களில் சோதித்தார்கள். மேலும் கீழும் ஆடும் அறை ஒன்றில் நூற்றுக்கணக்கான இளைஞர்களை உட்காரவைத்துப் பார்த்தபோது, ஐந்தாறு விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் ஆட்டமே மிக மோசமானதாக இருந்தது. ஆட்டம் வேகமாகிவிட்டால் குமட்டல் குறைந்துவிடுகிறது. கட்டை வண்டியில் போனால் இடுப்புதான் ஒடியும். யாரும் வாந்தி எடுப்பதில்லை. ஆக, கார்வெட்டை அட்லாண்டிக் அலைகள் தூக்கிப்போட்ட வேகமும் மனித உடலால் தாங்க முடியாத வேகமும் கிட்டத்தட்ட ஒன்று. எதிரி திட்டமிட்டிருந்தால்கூட இவ்வளவு பொருத்தமாகச் செய்திருக்க முடியாது.

குமட்டலின் வேர் வயிற்றில் இல்லை, உள்காதில் இருக்கிறது. தலை சாய்வதையும் திரும்புவதையும் உணரும் உறுப்புகள் அங்கே உள்ளன. கப்பலின் உள்ளறையில் இருப்பவரிடம் 'எதுவும் அசையவில்லை' என்கிறது கண். 'எல்லாம் அசைகிறது' என்கிறது காது. இந்த முரண்பாடே நோயாகிறது என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். இதற்கு வேடிக்கையான சான்று ஒன்று உண்டு. விண்வெளிப் பயணத்துக்கான ஆய்வுக்காக, காது கேளாத 11 பேரை அமெரிக்கக் கடற்படையும் நாசாவும் பல சோதனைகளுக்கு உட்படுத்தின. அவர்களில் பத்துப் பேருக்கு மூளைக்காய்ச்சலால் செவித்திறனோடு உள்காதின் சமநிலை உணர்வும் போயிருந்தது. கனடாவின் நோவா ஸ்கோஷியாவை ஒட்டிய கொந்தளிக்கும் கடலில் அவர்களைப் படகில் ஏற்றிச் சென்றார்கள். அவர்கள் பாட்டுக்குச் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஆராய்ச்சியாளர்கள் வாந்தி எடுத்து ஓய்ந்துபோனதால் சோதனையைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. கார்வெட்டுகள் போர்க்காலம் முழுவதும் உழன்ற கடல்தான் அது.

மாலுமிகளுக்கு ஓரளவு உதவியது தொங்கும் படுக்கை. கப்பல் இடமும் வலமும் புரளும்போது அது தன் போக்கில் நேராகத் தொங்கும். சுற்றியுள்ள சுவர்கள்தான் ஆடும். ஆனால் மேலும் கீழுமான ஏற்ற இறக்கத்தை அதனால் தடுக்க முடியாது. குமட்டலுக்கு முதல் காரணமே அதுதான் என்பதால் நிம்மதி பாதிதான்.

சாப்பாட்டிலும் நிம்மதி இல்லை. கார்வெட்டில் சமையலறை பின்பக்கம், மாலுமிகள் வசிக்கும் அறை முன்பக்கம், நடுவே அலை வந்து கழுவும் திறந்த தளம். உணவு ஆறித்தான் வரும், சில நேரம் உப்புநீரோடு வரும். பின்னாளில் முன்தளத்தைக் கப்பலின் நடுப்பகுதி வரை நீட்டி இந்த வழிக்குக் கூரை போட்டார்கள். புரள்வதைக் குறைக்க அடிவயிற்றின் இரு பக்கமும் இருந்த தகடுகளையும் ஆழமாக்கினார்கள். ஆனாலும் 62 மீட்டர் 62 மீட்டர்தான். அடுத்து நடுக்கடலுக்கென்றே ஒரு காவல் கப்பல் தேவைப்பட்டபோது, அதே ரீட் வரைந்த 'ரிவர்' வகை ஃபிரிகேட்டின் நீளம் ஏறத்தாழ 92 மீட்டர்.