டிரைவருக்குள் தங்கிவிடும் வெற்று வரிகள்

நெட்வொர்க் கார்டுக்கும் இயக்க முறைமைக்கும் நடுவே நின்று வேலை வாங்கும் நிரல்தான் டிரைவர். லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலின் மூலநிரலோடு சேர்ந்தே வளர்கின்றன. கெர்னலின் மையப் பகுதி ஒரு வேலையைத் தானே ஏற்றுக்கொண்டால், அதையே செய்துவந்த டிரைவர் வரிகளுக்கு அன்றோடு வேலை போய்விடும். பிழை என்றால் யாராவது புகார் சொல்வார்கள். வெற்று வரியோ தொந்தரவு தராமல் ஆண்டுக்கணக்கில் ஓடும். பழைய டிரைவரைப் பார்த்துப் புதியது எழுதுபவர் அதையும் சேர்த்தே நகலெடுப்பார்.

கார்டும் செயலியும் பகிர்ந்துகொள்ளும் நினைவகம் ஓர் உதாரணம். அதைக் கெர்னலிடம் கேட்டு வாங்கியதும் பூஜ்ஜியங்களால் நிரப்புவது டிரைவரின் பொறுப்பாக இருந்தது. 2019-இல் வெளிவந்த 5.0 பதிப்பு முதல் கெர்னலே துடைத்துத்தான் கொடுக்கிறது. டிரைவரில் அப்படி நிரப்பிவந்த 'மெம்செட்' வரி வீணாயிற்று. நினைவகத்தை விடுவிக்கும் 'கேஃப்ரீ'க்கு முன்னால் முகவரி வெறுமையா என்று சோதிப்பதும் அப்படித்தான். அந்தச் சோதனை கேஃப்ரீக்குள்ளேயே இருக்கிறது. இத்தகைய வரிகளை ஆயிரக்கணக்கான கோப்புகளில் கண்ணால் தேட முடியாது. ஜூலியா லாவால் உள்ளிட்ட ஆய்வாளர்கள் உருவாக்கிய 'காக்சினெல்' என்ற கருவி, கொடுத்த வடிவத்தில் உள்ள வரிகளைத் தேடி மாற்றியும் தருகிறது.

ஆனால் வீண் போலத் தெரிவதெல்லாம் வீணல்ல. இன்டெலின் இ1000 டிரைவர், கார்டின் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் படித்து, வந்த மதிப்பைப் பயன்படுத்தாமலே விட்டுவிடும் இடங்கள் உண்டு. பிசிஐ பாதையில் அனுப்பிய கட்டளை வழியில் தேங்கி நிற்கலாம். படிக்கப் போனால், முன்னே போனது கார்டைச் சேர்ந்த பிறகுதான் பதில் திரும்பும். அதற்காகவே அந்தப் படிப்பு. அதே கார்டின் புள்ளிவிவர ரெஜிஸ்டர்களோ படித்ததும் பூஜ்ஜியமாகிவிடும். பழைய கணக்கை அழிப்பதற்கென்றே டிரைவர் அவற்றை வரிசையாகப் படித்துவிட்டுப் போகிறது. வன்பொருளின் கையேட்டைப் புரட்டாமல் இவற்றில் கைவைப்பது ஆபத்து.

ஆகவே ஒரு வரியை நீக்கும்போது, எந்த மாற்றத்தால் அது தேவையற்றுப் போனது என்பதைத் திருத்தத்தின் குறிப்பிலேயே எழுத வேண்டும். நீக்கலையும் புதிய வசதியையும் ஒரே திருத்தத்தில் கலக்கக் கூடாது. கலந்தால், பின்னால் கோளாறு வரும்போது எது காரணம் என்று பிரித்தறிய முடியாது. பழைய கார்டு கையில் கிடைக்காதவர்கள், கம்பைல் செய்து மட்டுமே பார்த்ததாகக் குறிப்பில் சொல்லிவிடுவது வழக்கம். பயன்படுத்துவோரே அருகிப்போனால் முழு டிரைவருக்கும் விடைகொடுக்க நேரும்: டோக்கன் ரிங் என்ற பழைய நெட்வொர்க் வகைக்கான டிரைவர்கள் 2012-இல் 3.5 பதிப்போடு கெர்னலிலிருந்து நீக்கப்பட்டன.