ரூமி சொன்னாரா? கைபேசி வரிகளும் மூல நூலும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிகாஹ் மஜ்லிஸில், வாட்ஸ்அப்பில் வந்த அழகான ஒரு வரியை "மௌலானா ரூமி (ரஹ்) சொன்னார்கள்" என்று எடுத்துச் சொன்னேன். மஜ்லிஸ் முடிந்ததும் கல்லூரி மாணவி ஒருவர் தம் தந்தையுடன் வந்து, "ஹஜ்ரத், இது எந்த நூலில் இருக்கிறது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

சமூக ஊடகம் இலக்கிய வாசிப்பை எப்படி மாற்றுகிறது என்பதற்கு ரூமியே நல்ல உதாரணம். 1207-இல் பிறந்து 1273-இல் கோன்யாவில் வஃபாத்தான அவர்கள், மதரஸாவில் பாடம் நடத்திய மார்க்க அறிஞர். பாரசீக மொழியில் அவர்கள் இயற்றிய மஸ்னவி ஆறு பாகங்கள், சுமார் 25,000 ஈரடிகள் கொண்டது. கதைக்குள் கதை, இடையிடையே குர்ஆன் வசனங்கள், ஹதீஸ்கள் என்று அது செல்லும். முன்பின் பாராமல் ஓரடியை மட்டும் உருவினால் பொருளே மாறிவிடும்.

இணையத்தில் உலவும் ஆங்கில ரூமி வரிகளில் பல, அமெரிக்கக் கவிஞர் கோல்மன் பார்க்ஸ் எழுதியவை. அவர் பாரசீகம் அறிந்தவரல்லர். நிக்கல்சன் போன்ற அறிஞர்களின் பழைய மொழிபெயர்ப்புகளைத் தம் கவிதை நடையில் மாற்றி எழுதினார். 1995-இல் வந்த அவருடைய தொகுப்பு பெரும் புகழ் பெற்றது. ஆனால் மார்க்கம் சார்ந்த குறிப்புகள் அதில் மங்கிவிட்டன என்பது ஆய்வாளர்களின் விமர்சனம். அந்த வரிகள் படமாகி, தமிழாகி நம் கைக்கு வரும்போது, இறைவனை நோக்கிய ஏக்கம் வெறும் காதல் வாசகமாகிவிடுகிறது. சில வரிகளோ ரூமியுடையவையே அல்ல.

இதற்காகச் சமூக ஊடகத்தை வெறுக்க வேண்டியதில்லை. ரூமியின் பெயரை நம் பிள்ளைகளில் பலர் முதலில் அறிந்ததே அங்கேதான். நம் உமறுப் புலவரின் சீறாப்புராணமும் மதுரைத் திட்டத்தின் வழியாக இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வாசல் திறந்திருக்கிறது, வாசலிலேயே நின்றுவிடுவதுதான் நஷ்டம்.

ஹதீஸைக் கேட்டால் அறிவிப்பாளர் யார் என்று விசாரித்த சமுதாயம் நாம். நம்பத்தகாதவர் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்கும்படி குர்ஆன் (49:6) பணிக்கிறது. ஒருவர் சொல்லாததை அவர் சொன்னதாகப் பரப்புவது, கவிதையானாலும் பொய்தான்.

பிள்ளைகள் ஒரு வரியைக் காட்டினால், "எந்த நூல்? மொழிபெயர்த்தவர் யார்?" என்று கேளுங்கள். தெரிந்தால், அதற்கு முன்னும் பின்னும் ஒரு பக்கமாவது சேர்ந்து படியுங்கள். தெரியாவிட்டால் பகிர வேண்டாம்.

நானும் பல நாள் தேடினேன், ஆதாரம் கிடைக்கவில்லை. அந்த மாணவியின் தந்தைக்குப் போன் செய்து, "நான் சொன்னது தவறு, பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்" என்றேன்.