பள்ளியறைப் பேழையும் நினைவுப் பொருளும்

ஓர் இல்லத்திற் பேணப்படும் பொருள்கள் இருவகையின. விருந்தினர் காணுமாறு முன்மண்டபத்தில் வைக்கப்படுவன ஒருவகை. வீட்டார்தாமும் நாடோறும் காணாதவாறு பள்ளியறையிற் பூட்டி வைக்கப்படுவன மற்றொருவகை. வெற்றிக் கிண்ணமும் பட்டமளிப்பு விழாப் படமும் முன்னையதைச் சாரும். மணத்துக்கு முன் எழுதப்பட்ட கடிதம், இறந்த குழந்தையின் தண்டை, தாயின் கையெழுத்திலமைந்த பலகாரக் குறிப்பு, தந்தையின் உடைந்த மூக்குக்கண்ணாடி என்பன பின்னையதைச் சாரும். இவற்றுட் பலவற்றுக்குச் சந்தையில் விலையே இல்லை. எனினும் வீட்டிலே திருட்டு நிகழ்ந்த நாளிற் பெண்கள் முதலில் ஓடிச்சென்று பார்ப்பது பெரும்பாலும் இவற்றைத்தான்.

இத்தகைய பொருளின் இயல்பைப் பழங்கதைகள் இரண்டு நன்கு புலப்படுத்தும். இராமன் அனுப்பிய கணையாழியை அனுமன் அசோகவனத்திற் சீதையிடம் சேர்ப்பித்தான். அவள் தன் ஆடையில் மறைத்து வைத்திருந்த சூடாமணியை அவனிடம் கொடுத்தனுப்பினாள். அக்கணையாழி, காவலிருந்த அரக்கியர் கையிற் கிடைத்திருப்பின் வெறும் பொன்னே. காளிதாசரின் சாகுந்தலத்தில் மோதிரம் நீரில் வீழ்ந்து மீனின் வயிற்றிற் புகுந்து மீனவன் கைக்கு வருகிறது. அவனுக்கு அது விற்பனைப் பண்டம். துஷ்யந்தனுக்கோ இழந்த நினைவனைத்தும் அதனுள் அடங்கியிருந்தது. பொருளோடு அதனை அறிந்தவரும் இருந்தாலன்றி நினைவுப் பொருள் நினைவுப் பொருளாகாது. ஆதலின் அதனைப் பேணுதல் என்பது, பண்டத்தைக் காத்தல், அதன் செய்தியைக் காத்தல் என இருதொழிலாகும். கொழும்பிலே, சிறப்பாக வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இவ்விருதொழிலும் எவ்வாறு நிகழ்ந்தன என்பது ஆராயத்தக்கது.

இக்குடும்பங்களுட் பலவற்றின் வேர் யாழ்ப்பாணத்தில் உள்ளது. அங்கு நாற்சார் வீட்டின் அறையிலே பெட்டகம் எனப்படும் பெரிய மரப்பேழை இருந்தது. காணி உறுதிகள், சாதக ஓலைகள், கூறைச் சேலை, குழந்தைக்கு அணிந்த பஞ்சாயுதம் ஆகியன அதனுட் கிடந்தன. சிறு பொருள்கள் பனையோலையால் இழைத்த மூடற்பெட்டிக்குள் வைக்கப்பட்டு அதனுள்ளே இடப்பட்டன. திறப்பு இல்லத்தலைவியின் இடுப்பில் இருந்தது. (சாவி என்பது போர்த்துக்கேயர் தந்த சொல். யாழ்ப்பாணத்தார் திறப்பு என்னும் தமிழ்ச் சொல்லையே இன்றும் வழங்குதல் மகிழ்ச்சிக்குரியது.) பெட்டகம் நெடுங்காலம் பயன்பட்டமைக்குக் காரணம் அதன் மரம் மட்டுமன்று. யாழ்ப்பாணத்து மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையான காலத்திலேயே பெய்கிறது. எஞ்சிய மாதங்களுட் பல வறண்டவை. மூடிய பேழை அத்தகைய நாட்டுக்கு ஏற்றது.

எனினும் அங்கும், மூடியே வைத்தவை அழிந்தன. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இற் கலித்தொகையை அச்சேற்றிய காலத்தில், இல்லங்களிற் பூசிக்கப்பட்டும் திறக்கப்படாமற் கிடந்த ஏடுகள் கைபட்டவுடன் நொறுங்கியதைக் கண்டு வருந்தினார். ஏட்டைத் துளைக்கும் பூச்சிக்கு இராமபாணம் என்று பழையோர் பெயரிட்டது வெறும் நகைச்சுவையன்று. அதனாலேயே நவராத்திரியில் ஏடுகளை வெளியே எடுத்துத் துடைத்து வைக்கும் வழக்கம் சமயக் கடமையாக வளர்ந்தது. வறட்சி முடிந்து வடகீழ்ப் பருவமழை தொடங்குவதற்கு முன் வரும் நாள்கள் அவை.

இருபதாம் நூற்றாண்டில் எழுதுவினைஞராகவும் ஆசிரியராகவும் கணக்காளராகவும் கொழும்புக்கு வந்த ஆண்மக்கள் பெட்டகத்தைக் கொண்டுவரவில்லை. அவர்கள் கொண்டுவந்தது றங்குப் பெட்டி. பலர் கூடிச் சமைத்து உண்டு வாழ்ந்த சம்மரிகளிலே ஒருவனுக்கெனத் தனியிடம் என்று சொல்லத்தக்கது கட்டிலின் கீழுள்ள அப்பெட்டி ஒன்றே. ஊர்க்கடிதங்கள், தங்கையின் படம், ஒடியல் வந்த ஓலைப்பெட்டி யாவும் அதனுட் சேர்ந்தன. 1956 இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியபின் ஊருக்குப் போய்வருதல் எளிதாயிற்று. குடும்பங்களும் பெருகி வந்து குடியேறின. அப்பொழுது றங்குப் பெட்டியின் இடத்தை அலுமாரி பெற்றது. அலுமாரி போர்த்துக்கேயர் வழிவந்த பெயர். அதனுள்ளிருக்கும் லாச்சி ஒல்லாந்தர் வழிவந்தது. பண்டம் வைக்கும் கலத்தின் பெயரிலேயே இலங்கையின் நானூற்றாண்டு வரலாறு கிடக்கிறது.

ஆயின் பெட்டகத்துக்குரிய பழக்கம் மட்டும் மாறாது உடன்வந்தது. இறுக மூடு, பூட்டு, நற்காலம் வரும்வரை திறவாதே என்பது அப்பழக்கம். கொழும்புக்கு அது பொருந்தாது. இந்நகரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. வைகாசியில் தென்மேற்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகையில் இடைப்பருவப் பெருமழை. காற்றின் சாரீரப்பதன் பெரும்பாலான நாள்களில் 70 வீதத்துக்கு மேல் நிற்கும்; இரவில் அதனினும் உயரும். அந்த அளவிலே, அசைவற்ற காற்றிற் சில நாள் கிடந்தாற் போதும், தாளிலும் தோலிலும் துணியிலும் பூஞ்சணம் படரும். வெள்ளவத்தையில் இதற்குமேல் ஒரு துன்பமும் உண்டு. காலி வீதியிலிருந்து புகையிரதப் பாதையை நோக்கி இறங்கும் ஒழுங்கைகள் கடற்காற்றை நேரே வீட்டினுட் கொண்டுவருகின்றன. காற்றோடு வரும் உப்புத்துகள் காற்றிலுள்ள நீரை ஈர்த்து வைத்துக்கொள்ளும் இயல்பினது. பித்தளைப் பிடியும் ஊசியும் தகரப் பெட்டியும் விரைவில் துருவும் களிம்பும் ஏறுவது இதனாலேயே. கொட்டாஞ்சேனையிலோ, ஒன்றோடொன்று சுவர் பொருந்திய பழைய வீடுகளில் நடு அறைக்குச் சாளரம் இல்லாமையே பெருங்குறை.

இன்றைய தொடர்மாடிக் குடியிருப்புகளிலும் நிலைமை பெரிதும் திருந்தவில்லை. பள்ளியறையோடு குளியலறை ஒட்டியிருக்கிறது. சுவரலுமாரியின் பின்புறம் பலவேளை அக்குளியலறைச் சுவராகவே அமைகிறது. இரவிற் குளிரூட்டியை இயக்கிக் காலையில் நிறுத்துபவர், பகலிற் புகும் வெப்ப ஈரக்காற்று குளிர்ந்த பரப்புகளிற் படிந்து நீராக மாறுவதற்கு வழிசெய்கிறார் என்பதை உணர்வதில்லை.

இவ்விடத்திற் செய்யத்தக்கவை கடினமானவையல்ல. அலுமாரியை வெளிச்சுவரிலிருந்து நான்கு விரலளவேனும் விலக்கி வைத்தல் வேண்டும். நினைவுப் பொருளைக் கீழ்த்தட்டில் வையாது நடுத்தட்டில் வைப்பது நன்று. கறையானும் வெள்ளமும் கீழிருந்தே வரும். நவராத்திரி தமக்குரிய பூசையோடு நிற்க, கொழும்பிற் பேழை திறப்பதற்குத் தைப்பொங்கலை அடுத்த வாரங்களே சிறந்தவை. தையும் மாசியுமே இந்நகரின் மழை குறைந்த காலம். திறந்த பொருள்களை நிழலிற் காற்றாட விடுக, வெயிலிற் பரப்பற்க. கூறைச் சேலையை ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்காக வைத்தால் மடிப்பு வழியே பட்டு அறும். அதனை வேறிடத்தில் மடித்து, கஞ்சி நீக்கித் துவைத்த பழைய வெள்ளை வேட்டியிற் சுற்றுவதே முறை. கடையிற் கொடுத்த பிளாஸ்டிக் பையிற் கட்டி வைத்தல் அன்பினாற் செய்யும் கொடுமை. உள்ளே அகப்பட்ட ஈரம் வெளியேற வழியில்லை.

கடிதங்களைக் கட்டும் இறப்பர் வளையம் சில ஆண்டுகளில் உருகி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கருக்கும். பருத்தி நாடாவே போதும். குண்டூசியையும் இரும்புக் கவ்வியையும் நீக்குக. கிழிந்த இடத்தில் ஒட்டும் பசைநாடா, காலம் செல்லச் செல்ல மஞ்சட் கறையாகிக் கிழிசலினும் பெரிய குற்றமாகிவிடும். நிழற்படங்களைப் பொறுத்தவரை ஒரு வியப்புண்டு. எண்பதாண்டுக்கு முன் நிழற்பட நிலையத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் இன்றும் தெளிவாக இருக்க, 1970களிலும் 1980களிலும் எடுத்த வண்ணப்படங்களுட் பல செம்மை பாய்ந்து முகம் மங்கிவிட்டன. முன்னையதில் உருவைத் தருவது வெள்ளித் துகள், பின்னையதில் நிறச்சாயம். வெப்பமான அறையில் அச்சாயம் இருளிலும் சிதையும். பசை பூசிய அட்டையும் மெல்லிய மேலுறையும் கொண்ட படத்தொகுப்பு ஏடுகள் இக்கேட்டை விரைவுபடுத்துகின்றன.

பூச்சியுருண்டை பற்றித் தனியே கூறல் வேண்டும். அது திண்மமாகத் தோன்றினும் ஓயாது ஆவியாகிக்கொண்டிருப்பது. அவ்வாவி உறங்குவார் மூச்சிலும் கலக்கும். முதற்குழந்தையின் சட்டையை நினைவாக வைத்திருந்து அடுத்த குழந்தைக்கு அணிவிக்கும் அன்னையர் பலர். குருதிச் சிவப்பணுக்களில் ஒரு நொதியம் குறைந்து பிறக்கும் சிசுக்களுக்குப் பூச்சியுருண்டை மணக்கும் ஆடையே அச்சிவப்பணுக்களைச் சிதைத்து உயிருக்கு ஊறு செய்யக்கூடும் என்பது மருத்துவர் கண்ட உண்மை. ஆகவே அத்தகைய சட்டைகளைப் பூச்சியுருண்டையின்றி, உலர்ந்த வேப்பிலையோடு வைத்தல் நலம்.

இதுகாறும் கூறியது பண்டத்தைக் காக்கும் தொழில். ஈரமும் பூச்சியும் மெல்ல அழிப்பன. 1958 ஆம் ஆண்டு வைகாசியிலும் 1983 ஆம் ஆண்டு ஆடியிலும் நிகழ்ந்த அழிவோ ஒரு பகற்பொழுதில் முடிந்தது. 1958 இற் கொழும்புத் தமிழர் ஆயிரக்கணக்கானோர் முகாம்களில் வைக்கப்பட்டுக் கப்பலேற்றி வடக்கே அனுப்பப்பட்டனர். 1983 இல் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட, மக்கள் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியிலும் இரத்மலானை விமான நிலையத்திலும் தஞ்சமடைந்தனர். மதிலேறிக் குதித்து ஓடுபவர் கையில் எடுக்கக்கூடியது மிகச் சிறிது. தாலிக்கொடி, அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், காணி உறுதி என்பன அகப்பட்டிருக்கலாம். படத்தொகுப்பும் கடிதக் கட்டும் அலுமாரியிலேயே நின்றன. வீடு திருத்தப்பட்டது; அலுமாரி மீண்டும் வாங்கப்பட்டது. திருமண நாளிற் பாட்டியார் நின்ற தோற்றத்தை மட்டும் எந்த இழப்பீடும் தரவில்லை.

எஞ்சியவை எவை என்று நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். இலண்டனிலிருந்த சகோதரிக்கும் கோலாலம்பூரிலிருந்த சிறிய தந்தைக்கும் முன்னரே அனுப்பிய படப்பிரதிகள் எஞ்சின. பிறருக்கு எழுதிய கடிதங்கள் பெற்றவரிடம் எஞ்சின. கொடுத்தவை தப்பின, பூட்டியவை போயின என்று கூறுதல் மிகையாகாது. பொது நிறுவனத்திடம் ஒப்படைத்தலும் முற்றான காப்பன்று. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது 90,000 இற்கு மேற்பட்ட நூல்களோடு தனியார் வழங்கிய சேகரங்களும் ஏடுகளும் சாம்பராயின. ஓரிடத்தில் ஒரு பிரதி என்பதே இடர். அவ்வனுபவத்தின் பின்னணியிலேயே 2005 இல் நூலகம் என்னும் இணைய நூலகம் தோன்றி, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஆவணங்களையும் பிரதி செய்து பொதுவில் வைத்து வருகிறது. குடும்பப் படங்களை ஒளிவருடி இரண்டு மூன்று உறவினர் இல்லங்களில் வைத்தல் இன்று எவர்க்கும் இயல்வது. கைத்தொலைபேசியில் மட்டும் வைத்தல் பழைய பூட்டையே புதிய உருவிற் போடுவதாகும்.

எனினும் பள்ளியறைப் பொருள் யாவும் பலர்க்கும் உரியதன்று என்னும் மறுப்பு எழும், அது நியாயமானதே. கணவன் மனைவிக்கு எழுதியதை மக்கள் படிக்கலாமா? அமெரிக்கப் புலமையாட்டி எமிலி டிக்கின்சன் 1886 இல் இறந்தபோது, அவர் விருப்பப்படியே வந்த கடிதங்களைத் தங்கை லவீனியா எரித்தார். ஆனால் அவ்வறையில், கையால் தைத்த ஏறத்தாழ நாற்பது சிறு ஏடுகளிற் கவிதைகள் இருக்கக் கண்டு எரியாது வைத்தார். 1890 இல் அவற்றுட் சில நூலாக வெளிவந்தன. எரிக்கச் சொன்னதை எரித்தமையும் சொல்லாததைக் காத்தமையும் தங்கையின் நேர்மை. எல்லா வீடுகளிலும் லவீனியா வாய்ப்பதில்லை. எரிக்க வேண்டியதை உரியவர் தம் கையாலேயே உயிரோடிருக்கும்போது எரிப்பது நன்று. வைத்திருக்க விரும்புவதற்கு ஒரு சிறு குறிப்பு எழுதி உடன்வைத்தல் அதனினும் நன்று.

இக்குறிப்பின் தேவை முன்னெக்காலத்தினும் இன்று பெரிது. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் வாழ்கின்றனர். தாய் தந்தையர் மறைந்தபின் இரண்டு கிழமை விடுமுறையில் வந்து வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டை ஒழிக்கின்றனர். விமானத்தில் அனுமதிக்கப்படும் இரண்டு பெட்டிகளுக்குள் எதனை வைப்பது என்பதை ஒரு மாலையில் தீர்மானிக்கின்றனர். யாருடையதென்று தெரியாத தண்டை பழைய வெள்ளியாக விற்கப்படும். பெயரறியாத முகங்கள் குப்பைக்குச் செல்லும். பிள்ளைகளைக் குறைகூறுதல் பொருந்தாது. அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை. படத்தின் பின்புறத்தில் ஆண்டு, ஊர், நிற்பவர் இன்ன முறை என்னும் மூன்றும் இருந்தாற் போதும். குமிழ்முனைப் பேனா வேண்டாம். அதன் அழுத்தம் முன்புறத்தில் முகத்தின்மேல் வடுவாகத் தோன்றும். மெல்லிய பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுதுக.