தோண்டாதவர் பங்கு – 11: உப்பு எடுக்காததற்கு நான்கு லட்சம்

ராயல்டி நிறுவனத்துக்குச் சொந்தமாகச் சுரங்கம் கிடையாது, எண்ணெய்க் கிணறும் கிடையாது. பிறர் தோண்டி விற்பதில் ஒரு பங்குக்கான உரிமை மட்டுமே அதன் சொத்து. இதுவரை வந்த கதை அவ்வளவுதான். அப்படி ஒரு நிறுவனம் கொரோனா ஆண்டில் எப்படிக் கணக்கு எழுதியது என்று இந்த வாரம் பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு வருகிறேன். முதலில் 1815.

அந்த ஆண்டு மார்ச் 7 அன்று லண்டனில் பிரிட்டனும் பிரான்ஸும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. எல்பா தீவிலிருந்து தப்பிய நெப்போலியன் பிரான்ஸின் தென்கரையில் இறங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. புதுச்சேரி அப்போது ஆங்கிலேயர் வசம் இருந்தது. பிரெஞ்சுக்காரர்களிடம் அது திரும்பி வந்தது 1816-ன் கடைசியில்தான். ஊர் கைக்கு வருமுன்பே ஊர் உப்புக்குப் பேரம் முடிந்துவிட்டது!

பேரம் இதுதான். பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பில் உள்ளூர்த் தேவைக்குப் போக மீதியை நியாய விலைக்கு ஆங்கிலேயருக்கே விற்க வேண்டும். பதிலுக்கு ஆங்கிலேய அரசு ஆண்டுதோறும் நான்கு லட்சம் சிக்கா ரூபாய் தரும். ஆங்கிலேயருக்கு உப்பு ஏகபோகம் பெரிய வருமானம். அதன் எல்லைக்குள்ளேயே திட்டுத்திட்டாகப் பிரெஞ்சு மண் கிடந்தால், அங்கிருந்து உப்பு கசிந்துகொண்டே இருக்கும். அந்தக் கசிவை அடைக்கக் கொடுத்த விலை இது. 1818-ல் இன்னொரு படி மேலே போனார்கள். உப்பளங்களையே நிறுத்திவிட ஏற்பாடாயிற்று. உப்பளக்காரர்களின் இழப்பை ஈடுகட்ட ஆண்டுக்கு நான்காயிரம் நட்சத்திர வராகன் ஒதுக்கப்பட்டது.

'ராந்த் த லேந்த்', அதாவது இந்திய ஆண்டுத்தொகை என்ற பெயரில் அந்த நான்கு லட்சம் பல பத்தாண்டுகள் பிரெஞ்சுக்காரர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. மண்ணிலிருந்து எடுக்கும் ஒரு பொருளுக்காக, அதை எடுக்கும் வேலை எதுவும் செய்யாமல், ஆண்டுதோறும் வந்த பணம். இந்தத் தொடருக்கு எங்கள் ஊர் மண்ணிலேயே இப்படி ஒரு முன்னோடி இருந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் பரவசம் அடங்கவில்லை.

இனிமேல்தான் கணக்கு. சிக்கா ரூபாய் வழக்கொழிந்தபோது பதினைந்து சிக்காவுக்குப் பதினாறு கம்பெனி ரூபாய் என்று கணக்கிட்டார்கள். அதன்படி நான்கு லட்சம் சிக்கா என்பது 4,26,667 ரூபாய். 1870-களின் தொடக்கத்தில் ஒரு ரூபாய் ஏறக்குறைய இரண்டு ஷில்லிங். பவுனுக்கு 25 பிராங்குக்குச் சற்று மேல். பெருக்கிப் பார்த்தால் பத்து லட்சம் பிராங்கைத் தாண்டும். பிறகு உலகச் சந்தையில் வெள்ளி விலை சரிந்தது, வெள்ளி ரூபாயும் கூடவே சரிந்தது. 1894-95 வாக்கில் ஒரு ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் ஒரு பென்னிதான். அதே 4,26,667 ரூபாய் இப்போது ஆறு லட்சம் பிராங்குக்கும் கீழே.

உடன்படிக்கை மீறப்படவில்லை, தவணை தவறவில்லை, கொள்ளைநோய் எதுவும் குறுக்கே வரவில்லை. ஆனாலும் பாரிஸில் கணக்கு எழுதுபவருக்கு வருமானம் பாதியை நெருங்கிவிட்டது. இன்றைய ராயல்டி நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் கணக்குக் கொள்கைகளைப் புரட்டினால், எந்த நாணயத்தில் கணக்கு வைக்கிறோம், பிற நாணயங்களை எந்தத் தேதி விலையில் மாற்றுகிறோம் என்று முன்பக்கங்களிலேயே ஒரு பத்தி இருக்கும். அது சடங்குக்கு எழுதிய பத்தி என்று தாண்டிப் போகிறவர்கள் அதிகம். தாண்டாதீர்கள்.

இதுவரை சொன்னது நிலையான தொகை. நம் வயல்காட்டு மொழியில் அது குத்தகை. விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய தொகை வந்தாக வேண்டும். ராயல்டி அப்படியல்ல, அது வாரம். களத்தில் அளந்து பார்த்து, விளைந்ததில் பங்கு. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு ராயல்டி, 2012 முதல் அதன் விலையில் 6 சதவீதம். இயற்கை எரிவாயுவுக்குக் கிணற்றடி மதிப்பில் 10 சதவீதம். வாரம் வாங்குகிறவருக்குக் களத்துமேட்டில் கேள்வி இரண்டு. எவ்வளவு விளைந்தது? என்ன விலைக்குப் போனது? 2020-ல் இரண்டுக்குமே நிச்சயமான பதில் இல்லாமல் போயிற்று.

நம் நாட்டில் நிலத்தடிப் பொருளுக்கு ராயல்டி வாங்குவது பெரும்பாலும் அரசு. அதையே தொழிலாக நடத்தும் பட்டியலிட்ட நிறுவனங்களைக் காண வட அமெரிக்காவுக்குப் போக வேண்டும். கனடாவின் பிராங்கோ-நெவாடாவை எடுத்துக்கொள்வோம். தங்கச் சுரங்க ராயல்டியும் உண்டு, எண்ணெய் எரிவாயு ராயல்டியும் உண்டு. 1980-களின் நடுவில் நெவாடாவின் கோல்ட்ஸ்ட்ரைக் சுரங்கத்தில் சுமார் இருபது லட்சம் டாலருக்கு ஒரு ராயல்டி உரிமை வாங்கியதிலிருந்து வளர்ந்த பெயர் அது.

இத்தகைய நிறுவனத்தின் கணக்குக் கொள்கையில் உயிரான இடங்கள் மூன்று. ஒன்று, வருமானத்தை எப்போது எழுதுவது. சுரங்கக்காரர் விற்றது மார்ச்சில், அவர் அனுப்பும் பட்டியல் வந்து சேருவது பல சமயம் காலாண்டு முடிந்த பிறகு. ஆகவே மார்ச் கணக்கில் ஒரு பகுதி மதிப்பீடு. இரண்டு, விலை கொடுத்து வாங்கிய உரிமையை எப்படிக் கழிப்பது. நிலத்தடி இருப்பில் இந்த ஆண்டு எவ்வளவு வெளியே வந்ததோ அந்த விகிதத்தில் கழிப்பார்கள். ஆனால் இருப்பு எவ்வளவு என்று சொல்வதும் சுரங்கக்காரர்தான். மூன்று, அந்த உரிமை போட்ட பணத்தை இனியும் ஈட்டித் தருமா என்று சோதித்து, தராதென்றால் மதிப்பைக் குறைத்து எழுதுவது. அதற்கு எதிர்கால விலை ஒன்றை ஊகித்தாக வேண்டும்.

மூன்றிலும் தகவல் அடுத்தவரிடமிருந்து வருகிறது. சுரங்கத்தைத் திறக்கச் சொல்லவோ மூடச் சொல்லவோ ராயல்டிக்காரருக்கு அதிகாரம் இல்லை. 2020 ஏப்ரலில் பனாமாவின் கோப்ரே பனாமா, பெருவின் அன்டமினா ஆகிய பெரிய செப்புச் சுரங்கங்கள் கொரோனாவால் நின்றபோது, அங்கிருந்து வருமானம் பெற்றுவந்த பிராங்கோ-நெவாடாவும் செய்தியைப் பார்த்துத்தான் கணக்கைத் திருத்த முடிந்தது. ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் பீப்பாய்க்குப் பூஜ்யத்துக்குக் கீழே 37.63 டாலரில் முடிந்தது. அந்த ஆண்டின் முதல் காலாண்டிலேயே எண்ணெய் எரிவாயு உரிமைகளின் மதிப்பை 25 கோடி டாலருக்கும் மேல் குறைத்து எழுதினார்கள். ஆகஸ்டில் தங்கமோ முதன்முறையாக அவுன்ஸ் இரண்டாயிரம் டாலரைத் தாண்டியது. ஒரே கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம் ஏற்றம், ஒரு பக்கம் இறக்கம்.

தேதி விஷயம் இதைவிடச் சுவையானது. டிசம்பர் 31-ல் கணக்கு முடிக்கும் நிறுவனத்துக்குக் கொரோனா 'கணக்கு முடிந்த பின் நடந்த சம்பவம்'. ஊகானில் காரணம் தெரியாத நிமோனியா பரவுவது உலகச் சுகாதார நிறுவனத்தின் கவனத்துக்கு வந்ததே 2019 டிசம்பர் 31 அன்றுதான். ஆகவே 2019 கணக்கின் எண்கள் மாறவில்லை, குறிப்பு மட்டும் சேர்ந்தது. மார்ச் 31-ல் முடிக்கும் நம் நிறுவனங்களுக்கு அப்படித் தள்ளிப்போட வழியில்லை. மார்ச் 11-ல் பெருந்தொற்று என்று அறிவித்தாயிற்று, மார்ச் 25 முதல் நாடே பூட்டிக் கிடந்தது. அதனால் எண்களே மாற வேண்டும்.

மாறின. தன் காவிரிப் படுகைப் பிரிவைக் காரைக்காலிலிருந்து நடத்தும் ஓஎன்ஜிசி, 2020 ஜூன் 30 அன்று கணக்கை வெளியிட்டது. ஜனவரி–மார்ச் காலாண்டில் 3,098 கோடி ரூபாய் நஷ்டம். அதற்குப் பெரிய காரணம், சொத்து மதிப்பைக் குறைத்து எழுதிய 4,899 கோடி. எண்ணெய், எரிவாயு விலை இனி எப்படிப் போகும் என்ற ஊகம் மாறியதால் வந்த எண் அது.

எரிவாயு விலையைப் பாருங்கள். 2019 அக்டோபரில் அரசு அறிவித்தது 3.23 டாலர். 2020 ஏப்ரலில் 2.39, அக்டோபரில் 1.79. வெளிநாட்டுச் சந்தை விலைகளை வைத்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிட்ட விலை. கிணற்றில் ஒரு கனமீட்டர்கூடக் குறையவில்லை என்றே வைத்துக்கொள்வோம். 10 சதவீதம் வாங்குகிறவரின் பங்கு மட்டும் ஓராண்டில் ஏறக்குறைய 45 சதவீதம் சுருங்கியிருக்கும். காவிரிப் படுகையில் எரிவாயு எடுப்பது பற்றி எத்தனையோ விவாதங்கள் நடக்கின்றன. ஊருக்கு வரும் வருமானம் என்று மேடையில் ஒரு தொகையைச் சொல்பவர்கள், எந்த விலையை வைத்து அதைச் சொல்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2020 மே 20-ல் செபி, பெருந்தொற்றின் பாதிப்பை விளக்கமாக வெளியிடும்படி பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. அந்த ஆண்டின் அறிக்கைகள் பலவற்றை எடுத்து வைத்துக்கொண்டு படித்து வருகிறேன். 'நிலைமையைத் தொடர்ந்து கவனித்து வருகிறோம்' என்று எழுதி முடித்தவையும் உண்டு. என்ன விலையை ஊகித்தோம், அது பத்து சதவீதம் தவறினால் எவ்வளவு இழப்பு என்று எழுதியவையும் உண்டு. இரண்டாவது வகைதான் கணக்கு. முதலாவதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

பக்கம் முடிகிறது. சொல்ல நினைத்த பெரிய விஷயம் நிற்கிறது. நாட்டிலேயே பெரிய ராயல்டிக்காரரான அரசு, வரவு வந்த அன்றுதான் எழுதுகிறது. அரசுக் கணக்கு ரொக்க அடிப்படையிலானது. விலை விழுந்தால் மதிப்பைக் குறைத்து எழுத அங்கே சொத்தே ஏட்டில் இல்லை. எங்கள் பாகூரில் 1880-களிலேயே, ஊற்றுக் கிணற்றுக்குத் துளையிட்ட பிரெஞ்சுக்காரர்கள் பழுப்பு நிலக்கரியைக் கண்டார்கள். இன்றுவரை அங்கே சுரங்கம் இல்லை. அந்த நிலக்கரி எந்த ஏட்டில் இருக்கிறது? 2022-ல் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், 28 மாநிலங்களுக்கும் ஜம்மு-காஷ்மீருக்கும் கனிம, எரிசக்தி வளங்களின் சொத்துக் கணக்கைத் தொகுத்து வெளியிட்டார். கணக்கில் எடுத்துக்கொண்ட ஆண்டு 2020-21, கொரோனா ஆண்டேதான். புதுச்சேரி அந்தப் பட்டியலில் இல்லை. அடுத்த வாரம் அந்தத் தொகுப்பைத் திறப்போம்.

(தொடரும்)