ராக்கை விடாத தோடி

வெள்ளிமலை டீக்கடையில் ‘இளைய நிலா’ ஓடினால், பாடியவர் எஸ்.பி.பி., இசை இளையராஜா என்று சின்னப் பையனும் சொல்லிவிடுவான். அந்த கிட்டாரை வாசித்தவர் ஆர். சந்திரசேகர் என்பது மலையில் மட்டுமல்ல, கீழே கள்ளக்குறிச்சியிலும் பலருக்குத் தெரியாது. நம் ஊர் கிட்டார் கலைஞர்களின் பொதுவான நிலை இது. ரெக்கார்டிங்குக்குப் போவார், வாசிப்பார், சம்பளத்தை வாங்கிக்கொண்டு திரும்புவார்.

அந்த வேலையையும் செய்துகொண்டே தன் பேரில் இசைத்தட்டு போட்டவர் பிரசன்னா. ராணிப்பேட்டைக்காரர். சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டுமானப் பொறியியல் படித்தபோது ராக் குழுவில் வாசித்தார். கர்நாடக சங்கீதத்தை திருவாரூர் பாலசுப்பிரமணியத்திடமும் வயலின் மேதை கன்யாகுமரியிடமும் கற்றார். பிறகு அமெரிக்காவின் பெர்க்லீ இசைக் கல்லூரிக்குப் போனார். ராக்கை விட்டுவிட்டுக் கர்நாடகத்துக்கு வந்தவர் என்று இவரைச் சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ராக் கையில் இருந்ததால்தான் இவருக்குக் கர்நாடகம் கிட்டாரில் வந்தது.

கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள் ஒவ்வொரு ஸ்வரத்தையும் அதனதன் இடத்தில் நிறுத்திவிடும். நமக்கோ கமகம் என்ற அசைவு வேண்டும். தோடி ராகத்தின் காந்தாரத்தை அசைக்காமல் நேராகப் பிடித்தால் அது தோடியே இல்லை. வீணையில் தந்தியைப் பக்கவாட்டில் தாராளமாக இழுக்கலாம். கிட்டாரில் அவ்வளவு இடம் கிடையாது. இழுத்தால் சுருதி ஏறுமே தவிர இறங்காது. அதனால் மேலிருந்து இறங்கும் கமகத்துக்கு, முதலில் இழுத்துப் பிடித்து மீட்டிவிட்டு அப்புறம் தளர்த்த வேண்டும். இல்லாவிட்டால் விரலை எடுக்காமல் வழுக்க வேண்டும். அதுதான் ஜாரு. வழுக்கி முடிக்கும்வரை ஒலி நிற்க வேண்டுமே! மரப்பெட்டி கிட்டாரில் அது சீக்கிரம் தேய்ந்துவிடும். எலக்ட்ரிக் கிட்டாரும் ஆம்ப்ளிஃபயரும் அதைத் தாங்கிப் பிடிக்கும். தந்தியை வளைத்து அழவைக்கும் வித்தையில் ராக்காரர்கள் ஏற்கெனவே கை தேர்ந்தவர்கள்.

2006-ல் வந்த ‘எலக்ட்ரிக் கணேசா லேண்ட்’ இதற்கு நேரடிச் சாட்சி. ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் 1968 இசைத்தட்டின் பெயரைச் செல்லமாகத் திருகி, பிரசன்னா அதை அவருக்கே காணிக்கையாக்கினார். ராக் கிட்டார் முழங்க, நம் தாளக் கருவிகள் கூடவே ஓடுகின்றன.

தனியாக நின்றதால் குழுவை விட்டுவிடவில்லை. ‘ராகா பாப் ட்ரியோ’வில் சாக்ஸபோன் கலைஞர் ஜார்ஜ் புரூக்ஸோடும், ‘ஜர்னி’ என்ற புகழ்பெற்ற ராக் குழுவின் முன்னாள் டிரம்மர் ஸ்டீவ் ஸ்மித்தோடும் வாசித்தார். பியானோ கலைஞர் விஜய் ஐயர், தபலா கலைஞர் நிதின் மிட்டா இருவருடன் வாசித்த ‘தீர்த்தா’ இசைத்தட்டு 2011-ல் வந்தது. இடையில் ஆஸ்கர் வென்ற ‘ஸ்மைல் பிங்கி’ ஆவணப்படத்துக்கு இசையமைத்தார். சுவர்ணபூமி இசை அகாடமியை முன்நின்று நடத்தினார்.

புதிதாகக் கேட்பவர்கள் ‘கணேசா லேண்ட்’டில் தொடங்கலாம். ‘தீர்த்தா’வுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.