கல் மாதிரிக் காற்று எதற்கு?

சைக்கிள் டயரை இறுக்கினால் வேகம் கூடும், பஞ்சர் குறையும் என்பது பழைய நம்பிக்கை. கணக்கு வேறு மாதிரி சொல்கிறது.

ஜார்க்கண்டில் ராம்கரிலிருந்து ராஞ்சிக்கு ஏறும் மலைச்சாலை. சைக்கிளின் இரு பக்கமும் நிலக்கரி மூட்டைகள், 200 கிலோ அளவுக்கு. ஏறி மிதிக்க முடியாது. ஆள் குனிந்து தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். நடுவழியில் டியூப் போனால் மூட்டையை இறக்க வேண்டும், வரும்படியில் ஒரு பங்கை பஞ்சர் கடைக்குக் கொடுக்க வேண்டும். டயர் கல் மாதிரி இருக்க வேண்டியதுதான். அதில் தவறில்லை.

ஆபத்து திரும்பும்போது. கரியை விற்றுவிட்டு, காற்றை இறக்காமல் காலி சைக்கிளில் சரிவில் வந்தால், பின் டயர் சுமப்பது போகும்போது சுமந்ததில் பாதிகூட இருக்காது. ஒவ்வொரு சரளைக் கல்லிலும் சக்கரம் துள்ளும். தரையில் பாவாத டயருக்கு பிரேக் இருந்து என்ன பயன்?

விஷயம் சுலபமானது. பின் சக்கரத்தின் மேல் 60 கிலோ இருக்கிறது. டயரில் சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டு காற்று. அதாவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் மூன்றரை கிலோ. டயர் ஏறக்குறைய 17 சதுர செ.மீ. பரப்பில் தரையைத் தொடும். காற்றை இரட்டிப்பாக்கினால் அந்தப் பரப்பு பாதியாகிவிடும். பாரத்தை இரட்டிப்பாக்கினால் டயர் ரிம்மை நோக்கி நசுங்கும். எவ்வளவு காற்று என்று கேட்பதற்கு முன் எவ்வளவு பாரம் என்று கேட்க வேண்டும்.

வேகம்? பந்தய வீரர்களே மனம் மாறிவிட்டார்கள். 1990களில் டூர் தெ பிரான்ஸ் வீரர்கள் 23 மி.மீ. அல்லது அதைவிட மெலிந்த டயர்களில் 100 பவுண்டுக்கு மேல் ஏற்றினார்கள். இன்று 28 மி.மீ. டயர்கள் சர்வ சாதாரணம். காற்றும் வெகுவாகக் குறைந்திருக்கிறது. கருங்கல் பாவிய பாதைகள் நிறைந்த பாரிஸ்-ரூபே பந்தயத்தில் டயர் இன்னும் அகலம், காற்று இன்னும் குறைவு. சோதனைக்கூடத்தின் வழவழப்பான இரும்பு உருளையில் இறுகிய டயர் வேகமாகத்தான் உருள்கிறது. ஆனால் நிஜமான சாலையில் ஒவ்வொரு மேடும் சைக்கிளையும் ஆளையும் தூக்கிப் போடுகிறது. முன்னே போக வேண்டிய சக்தி உடம்பின் குலுக்கலில் வீணாகிறது. நம் ஊர் சாலைகளில் இந்த நஷ்டம் எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை.

பஞ்சரிலும் இரண்டு ரகம் உண்டு. காற்று குறைந்த டயர் பள்ளத்தில் விழும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கமாக இரண்டு ஓட்டைகள் விழும். அதற்கு மருந்து காற்று. கருவேல முள்ளும், வெடித்த லாரி டயரிலிருந்து சிதறிய கம்பித் துண்டும் வேறு ரகம். காற்றை ஏற்றியதால் இவை உள்ளே வராமல் போகாது. தேய்ந்த டயரை மாற்றுவதுதான் வழி.

எவ்வளவு என்பதைக் கண்டுபிடிப்பது எப்படி? கட்டைவிரல் அழுத்தம் நம்பத் தகுந்ததல்ல. 60 பவுண்டும் 90 பவுண்டும் விரலுக்கு ஒன்றுதான். வால் டியூப் போட்ட பழைய வால்வில் மீட்டரும் சரியாகக் காட்டாது. அந்த ரப்பரைத் தள்ளித் திறக்கும் அழுத்தமும் சேர்ந்துவிடும். அமெரிக்க சைக்கிள் எழுத்தாளர் ஃபிராங்க் பெர்ட்டோ பிரபலமாக்கிய அளவுகோல் ஒன்று உண்டு: பாரம் ஏறியதும் டயர் தன் உயரத்தில் 15 சதவீதம் அமுங்க வேண்டும். 40 மி.மீ. டயருக்கு இது 6 மி.மீ. வழக்கமான சுமையோடு சைக்கிளில் உட்காருங்கள். இன்னொருவர் ஸ்கேலை வைத்து ரிம்முக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்கட்டும். இறங்கியபின் மறுபடி பார்க்கட்டும். வித்தியாசம்தான் விடை. முன் சக்கரத்துக்குப் பாரம் குறைவு, காற்றும் குறைவாக இருக்கலாம். ஈர ரோட்டில் இன்னும் சற்று இறக்கினால் பிடிப்பு கூடும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவை மட்டும் எக்காரணம் கொண்டும் தாண்டக் கூடாது.

வெயிலைக் கண்டும் மிரள வேண்டாம். டயருக்குள் இருக்கும் காற்று 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குச் சூடேறினால் 50 பவுண்டு சுமார் 54 ஆகும், அவ்வளவுதான். அதற்கே வெடிக்கும் டயர் ஏற்கெனவே நைந்துபோனதாக இருக்கும், அல்லது காற்று அளவு மீறி அடித்ததாக இருக்கும்.

1888இல் பெல்ஃபாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப் காற்று டயருக்குக் காப்புரிமை வாங்கினார். கெட்டி ரப்பர் சக்கரத்தில் குலுங்கிய மகனின் மூன்று சக்கர வண்டிக்காகத்தான் அதைச் செய்து பார்த்தார். குலுக்கலைப் போக்க வந்த காற்றையே கல்லாக்கினால், அந்தக் கெட்டி ரப்பருக்கே திரும்பியதாக ஆகும்.